கான்டெசாவும் டர்போவும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

பழைய காரை வாங்குவது ஒன்று. பழைய காரை யாரோ ஒருவர் பிரித்து, மாற்றி, புதிதாக எதையோ கூட்டிப் பூட்டிய பிறகு வாங்குவது வேறொன்று. முதலாவதில் கம்பெனி செய்த வண்டி நம் கைக்கு வருகிறது. இரண்டாவதில் முகம் தெரியாத ஒரு மெக்கானிக்கின் யோசனையும் கைவேலையும் சேர்ந்து வருகின்றன. அந்த யோசனை என்ன என்று தெரிந்துகொள்ளும் வரை அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றக் கூடாது என்பது என் கட்சி.

இதை எழுதக் காரணம் என் தம்பி மகன். திருச்சியில்தான் வேலை. படிக்கிற காலத்திலிருந்தே கார்ப் பைத்தியம். போன வருஷம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கான்டெசா வாங்கி வந்தான். 90-களில் பதிவான டீசல் வண்டி. விலையைக் கேட்காதீர்கள், அவன் அம்மாவுக்கே இன்னும் சரியான தொகை தெரியாது. வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு, “பெரியப்பா, இதுல டர்போ போட்டிருக்காங்க. உங்க ரயில் எஞ்சின் மாதிரியே விசில் அடிக்கும், கேளுங்க” என்றான். டீசல் ஷெட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவனிடம் இப்படிச் சொன்னால் சும்மா இருக்க முடியுமா? பானட்டைத் திறக்கச் சொன்னேன்.

முதலில் கான்டெசாவைப் பற்றி நாலு வார்த்தை. நம் வயதுக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அம்பாசடரும் பியட்டும் மட்டுமே கார் என்று இருந்த ஊரில், 1984-ல் நீளமாக, தாழ்வாக, இரண்டு இரண்டு விளக்கோடு வந்து இறங்கிய வண்டி. இங்கிலாந்தில் வாக்ஸால் கம்பெனி 1970-களில் செய்த விக்டர் காரின் அச்சுதான் அது. கல்கத்தா பக்கத்தில் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது. ஆரம்பத்தில் அம்பாசடரின் அதே 1489 சி.சி. எஞ்சினை உள்ளே வைத்தார்கள். யானை உடம்புக்குக் குதிரை இதயம் என்று அப்போதே கிண்டல் செய்தோம். பிறகு ஜப்பானிய இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வந்ததும் வண்டிக்கு மரியாதை கூடியது. அதற்கப்புறம் இசுசு 2 லிட்டர் டீசல். 2002-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பெரிய மனிதர்களும் சினிமா வில்லன்களும் அதில்தான் வந்து இறங்குவார்கள். பின் சீட்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், சோபா மாதிரி இருக்கும்.

டீசல் கான்டெசாவுக்கு ஒரு குறை உண்டு. சிக்கனம், உழைப்பு எல்லாம் சரி, ஆனால் வேகம் எடுக்காது. நாலு பேர் ஏறி, ஏ.சி.யையும் போட்டுக்கொண்டு லாரியைத் தாண்ட நினைத்தால் எதிரே வருகிற ஆளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பின்வாங்க வேண்டியதுதான். அதனால்தான் நம் பக்கத்து மெக்கானிக்குகள் அதன் மேல் கை வைத்தார்கள். எஞ்சினையே மாற்றியவர்கள் உண்டு. இருக்கிற எஞ்சினில் டர்போ ஏற்றியவர்களும் உண்டு. என் தம்பி மகன் வாங்கியது இரண்டாவது ரகம். எஞ்சின் நம்பர் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதேதான். டர்போ மட்டும் வேறெங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கிறது.

டர்போ என்றால் என்ன என்று கேட்கிற நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சினில் நாம் எரிக்கும் எண்ணெயின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடான புகையாகச் சைலன்சர் வழியே வீணாகப் போகிறது. அந்தப் புகை போகிற வழியில் ஒரு சின்னக் காற்றாடியை வைத்தால் அது சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி. அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் கூடுதல் எண்ணெயை எரிக்கலாம், சக்தி கூடும். ஆல்பிரட் பூஹி என்ற சுவிஸ் எஞ்சினியர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

திருச்சிக்காரர்கள் இதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம், பெயர்தான் தெரியாது. மீட்டர்கேஜ் காலத்து ஒய்.டி.எம்.-4 எஞ்சின் ஜங்ஷனை விட்டுக் கிளம்பும்போது குபுக்கென்று கரும்புகை தள்ளுமே, நினைவிருக்கிறதா? வெள்ளை வேட்டி கட்டியவர்கள் பிளாட்பாரத்தில் பின்னால் நகர்ந்துகொள்வார்கள். அந்தப் புகைக்குக் காரணம் டர்போதான். டிரைவர் நாட்ச் ஏற்றியதும் எண்ணெய் உடனே கூடிவிடும். டர்போ வேகம் பிடித்துக் காற்றைத் தள்ளச் சில விநாடி ஆகும். அந்த இடைவெளியில் காற்று பற்றாமல் அரைகுறையாக எரிந்த எண்ணெய்தான் அந்தக் கரும்புகை. காரில் இதையே ‘டர்போ லாக்’ என்கிறார்கள். மிதித்தால் ஒன்றும் நடக்காது, ஒரு மூச்சு விட்டபின் முதுகில் யாரோ தள்ளுகிற மாதிரி பாயும். முதல் தடவை ஓட்டுகிறவருக்கு அந்தப் பாய்ச்சல் எப்போது வரும் என்று தெரியாது. மழை ஈரத்தில், வளைவில் அது வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

டர்போ வைத்த வண்டி அதை ஓட்டுகிறவரிடம் கொஞ்சம் படிப்பைக் கேட்கும். இதற்கு உலக உதாரணமே இருக்கிறது. கடையில் விற்பனைக்கு வந்த முதல் டர்போ கார்கள் இரண்டும் அமெரிக்காவில் 1962-ல் வந்தவை. ஒன்று செவ்ரலே கார்வேர், இன்னொன்று ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். ஜெட்ஃபயரில் எஞ்சின் தட்டாமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைக் காற்றோடு சேர்த்துப் பீய்ச்சினார்கள். அதற்கென்று தனி டப்பா. தீர்ந்தால் ஊற்ற வேண்டும். வாங்கியவர்கள் பலர் ஊற்றவில்லை. டப்பா காலியானதும் டர்போவின் பலன் தடைபட்டது, புகார்கள் குவிந்தன. கடைசியில் கம்பெனியே டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்புரேட்டர் மாட்டிக்கொடுக்கும் நிலைமை வந்தது. இரண்டே வருஷத்தில் அந்த மாடல் முடிந்தது. ஜெட்ஃபயரை வாங்கியவர்கள் கையில் கம்பெனி கொடுத்த புத்தகம் இருந்தது. எதை ஊற்ற வேண்டும், எப்போது ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் அச்சில் இருந்தது. அப்போதே இந்தக் கதி. புத்தகமே இல்லாத வண்டியை வாங்கினால்?

என் தம்பி மகனிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். “இந்த டர்போ எந்த வண்டியோடது? எத்தனை பவுண்டு காற்று தள்ளுது? பம்ப்ல எண்ணெயை எவ்வளவு கூட்டியிருக்காங்க?” அவனுக்குத் தெரியவில்லை. விற்றவருக்குப் போன் போட்டான். அவருக்கும் தெரியவில்லை. அவரே இரண்டாவது கையாக வாங்கியவர். “மாத்தினது ஒரு பெரிய மேஸ்திரி. அவர் இறந்து இரண்டு வருஷம் ஆச்சு” என்றார். வண்டியின் பாதி விஷயம் அந்த மனிதரோடு போய்விட்டது. அவர் கெட்டிக்காரர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வெல்டிங் நகை வேலை மாதிரி இருந்தது. ஆனால் ஒரு துண்டுச் சீட்டில்கூட எதையும் எழுதிவைக்கவில்லை.

ஷெட்டில் நாங்கள் இப்படி வேலை பார்க்க முடியாது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் புத்தகம் உண்டு. எந்தத் தேதியில் எந்த டர்போ இறங்கியது, எது ஏறியது, யார் பார்த்தது, யார் கையெழுத்து, எல்லாம் அதில் இருக்கும். எழுதுகிறவனைக் குமாஸ்தா என்று இளைஞர்கள் கேலி செய்வார்கள். நடு ராத்திரியில் ஒரு எஞ்சின் மூச்சுத் திணறி வந்து நிற்கும்போது அந்தப் புத்தகம்தான் வழிகாட்டும்.

எனவே மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிவரச் சொன்னேன். வண்டியில் உள்ளதை உள்ளபடி எழுதுவது, பிறகுதான் எதையும் கழற்றுவது என்று ஒப்பந்தம். என்னவெல்லாம் பார்த்தோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். இப்படி வண்டி வைத்திருக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

முதலில் டர்போவின் அடையாளம். அதன் உடம்பில் சின்னத் தகடு ஒன்று இருக்கும், அதில் பார்ட் நம்பர் பொறித்திருக்கும். அழுக்கைத் துடைத்தால் தெரிந்துவிடும். எந்த வண்டிக்காகச் செய்தது, எத்தனை லிட்டர் எஞ்சினுக்கு ஏற்றது என்று அந்த நம்பரை வைத்துக் கண்டுபிடிக்கலாம். எங்களுக்கு நல்ல செய்திதான் கிடைத்தது. ஏறக்குறைய அதே அளவு டீசல் எஞ்சினுக்கான டர்போ. மேஸ்திரி கண்டதையும் பிடித்து மாட்டவில்லை.

அடுத்தது எண்ணெய். கார் டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அந்த வேகத்தில் உலோகம் உலோகத்தைத் தொட்டால் கதை முடிந்தது. மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் தண்டு மிதக்கிறது. உள்ளே போகும் எண்ணெய்க் குழாய் மெலிதாக இருக்கலாம். வெளியே வரும் குழாய் தடிமனாக, தடையில்லாமல் கீழ்நோக்கிச் சரிய வேண்டும், ஏனென்றால் எண்ணெய் தன் எடையில்தான் இறங்குகிறது. ஒரு வளைவில் தேங்கினாலும் டர்போவின் சீல் வழியே ஒழுகி நீலப் புகை வரும். இந்த வண்டியில் அது சரியாக இருந்தது. எண்ணெய் மாற்றிய தேதி மட்டும் யாருக்கும் தெரியாது. அன்றைக்கே மாற்றி, நோட்டில் தேதியும் கிலோமீட்டரும் எழுதினோம். டர்போ ஏற்றிய பழைய எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுவதில் கஞ்சத்தனம் கூடாது.

எஞ்சினை நிறுத்தும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தேன். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து, சட்டென்று சாவியைத் திருப்பி நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் எண்ணெய் ஓட்டம் நிற்கும். பழுக்கக் காய்ந்த டர்போவுக்குள் இருக்கிற எண்ணெய் கருகிக் கட்டியாகும். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு நிறுத்த வேண்டும். ரயில் டர்போவுக்கு நாங்கள் ஒரு சோதனை செய்வோம். எஞ்சினை நிறுத்தியதும் காதைக் கொடுத்துக் கேட்டு, டர்போ எத்தனை நேரம் தானாகச் சுற்றி நிற்கிறது என்று வாட்சைப் பார்த்து எண்ணுவோம். ஒன்றரை நிமிஷத்திலிருந்து மூன்று நிமிஷத்துக்குள் நின்றால் ஆரோக்கியம். சீக்கிரம் நின்றால் பேரிங் பிடிக்கிறது என்று அர்த்தம். கார் டர்போ சின்னது, இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஆனால் காதைக் கொடுத்துக் கேட்கிற பழக்கம் எல்லா எஞ்சினுக்கும் பொருந்தும்.

மூன்றாவது அளவுமானி. இந்த வண்டியில் டர்போ எவ்வளவு காற்று தள்ளுகிறது என்று காட்ட மீட்டர் எதுவும் இல்லை. டயருக்குக் காற்று அடிக்கும் அதே பி.எஸ்.ஐ. கணக்குதான் இதற்கும். கூடவே புகை வெளியேறும் இடத்தில் சூட்டைக் காட்டும் மீட்டரும் வேண்டும். டீசல் எஞ்சினைக் கொல்வது பெரும்பாலும் அந்தச் சூடுதான். பம்பில் எண்ணெயைக் கூட்டி வைத்து மேட்டில் மிதித்துக்கொண்டே போனால் பிஸ்டன் தலை உருகும். டர்போவுக்கு முன்னால் சுமார் 700 டிகிரியைத் தாண்டவிடாமல் ஓட்டுவது நல்லது என்பது அனுபவஸ்தர்கள் வைத்திருக்கும் எல்லை. இரண்டு மீட்டரும் வாங்கி மாட்டினான். அலாய் வீல் வாங்க வைத்திருந்த பணம் அதற்குப் போனது. முகம் கொஞ்சம் வாடியது.

நான்காவதாகப் பார்த்தது பிரேக். இந்தப் பதிவை எழுத வைத்ததே அதுதான்.

வண்டியை எடுத்துக்கொண்டு துவாக்குடி வரை போய் வந்தோம். திரும்பி வந்ததும், “பெடல் கல்லு மாதிரி இருக்கேடா?” என்றேன். “பழைய வண்டி பெரியப்பா, அப்படித்தான் இருக்கும். கால் பழகிடுச்சு” என்றான். எனக்கு அது சரியாகப் படவில்லை.

காரில் பிரேக் பெடலுக்குப் பின்னால் பூஸ்டர் என்று ஒரு உருண்டை இருக்கும். வெற்றிடத்தின் பலத்தை வைத்து அது நம் காலுக்கு உதவி செய்யும். பெட்ரோல் எஞ்சினில் அந்த வெற்றிடம் எஞ்சின் மூச்சிழுக்கும் குழாயிலேயே கிடைத்துவிடும். டீசல் எஞ்சினில் கிடைக்காது, தனியாக ஒரு சின்ன வேக்குவம் பம்ப் வேண்டும். பல டீசல் வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும். இந்த வண்டியில் யாரோ ஆல்டர்னேட்டரை மாற்றியிருக்கிறார்கள். கூடுதல் விளக்கு, பெரிய பாட்டுப்பெட்டி எல்லாம் மாட்டியதால் பெரிய ஆல்டர்னேட்டர் தேவைப்பட்டிருக்கிறது. புதியதில் வேக்குவம் பம்ப் கிடையாது. பூஸ்டரிலிருந்து வந்த ரப்பர் ஹோஸின் வாயில் ஒரு போல்ட்டைச் செருகிக் கிளிப் போட்டு இறுக்கி வைத்திருந்தார்கள். சுத்தமான வேலை, பார்த்தால் தப்பாகவே தெரியாது.

எஞ்சினுக்கு டர்போவால் பலம் கூடியிருக்கிறது, பிரேக்குக்கோ இருந்த உதவியும் போய்விட்டது. அந்த நிலைமையில்தான் ஆடிப்பெருக்குக்கு என் தம்பி, தம்பி மனைவி, மருமகள், இரண்டு குழந்தைகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலை போவதாகத் திட்டம். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது டர்போ கைகொடுக்கும். இறங்கும்போது? இளவட்டக் கால் ஒரு பிரேக்குக்கு ஈடுகொடுக்கும், பத்துக்கும் கொடுக்கும். ஆறு பேர் எடையோடு எழுபது வளைவுக்குக் கொடுக்குமா?

மீட்டர்கேஜ் ரயிலிலும் வேக்குவம் பிரேக்தான். ஆனால் அதன் அமைப்பு நேர் எதிர். ரயிலில் வேக்குவம் போனால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், வண்டி நின்றுவிடும். காரில் வேக்குவம் போனால் உதவி மட்டும் போகும், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ரயிலில் கோளாறு உடனே வெளியே வந்துவிடும். காரில் ‘பழைய வண்டி அப்படித்தான்’ என்ற பேச்சுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

இந்தச் சோதனையை எல்லோரும் செய்யலாம், உங்கள் சாதாரண காரிலும். எஞ்சின் நின்றிருக்கும்போது பிரேக் பெடலை நாலைந்து தடவை நன்றாக அமுக்கி விடுங்கள். பிறகு காலை அழுத்தியபடியே வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பூஸ்டர் வேலை செய்தால் பெடல் காலுக்குக் கீழே கொஞ்சம் இறங்கும். இறங்கவில்லை என்றால் மெக்கானிக்கைப் பாருங்கள். காசு செலவில்லை, அரை நிமிஷ வேலை.

பம்ப் உள்ள ஆல்டர்னேட்டர் தேடி மாட்ட ஆறு வாரம் ஆயிற்று. கொல்லிமலைக்கு என் தம்பியின் சாதாரண காரில் போய்வந்தார்கள். புரட்டாசியில் கான்டெசாவும் போய்வந்தது, பின் சீட்டில் நானும் இருந்தேன்.

இனி என் அபிப்பிராயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் சண்டைக்கு இழுக்கும், பரவாயில்லை.

பழைய வண்டியை மாற்றவே கூடாது என்று சொல்லும் கூட்டம் ஒன்று உண்டு. நான் அதில் இல்லை. நம் ஊர்க் கைகளுக்கு அந்தத் திறமை உண்டு. கோயம்புத்தூரில் கரிவர்தன் மாருதி 800-ன் எஞ்சினை வைத்தே ரேஸ் கார் செய்து காட்டினார். எத்தனையோ பிள்ளைகள் அதில் ரேஸ் ஓட்டப் பழகினார்கள். இருப்பதை வைத்து இல்லாததைச் செய்வது நமக்கு வறுமை கற்றுக்கொடுத்த கலை, அதை நான் மதிக்கிறேன். என் வருத்தமெல்லாம் அந்தக் கலை வாய்மொழியிலேயே நின்றுவிடுகிறதே என்பதுதான். நாட்டு வைத்தியர் மகனுக்குக்கூடச் சொல்லாமல் மருந்தைக் கொண்டுபோன மாதிரி, மேஸ்திரிகளும் கொண்டுபோய்விடுகிறார்கள். வைத்தியருடைய மருந்து அவரோடு போனால் மருந்துதான் இல்லாமல் போகும். மேஸ்திரி மாற்றிய வண்டி அவருக்குப் பிறகும் ரோட்டில் ஓடுகிறது.

சட்டமும் இதற்கு ஒரு காரணம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நோக்கம் நல்லதுதான், சந்தேகமில்லை. நடைமுறையில் என்ன ஆகிறது? மாற்றுகிறவர்கள் மாற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள், வெளியே சொல்வதில்லை. எழுதிவைத்தால் அதுவே சாட்சியாகிவிடும் என்று எழுதுவதும் இல்லை. ஆர்.டி.ஓ.விடம் காட்ட ஒரு மாதிரி, ஓட்ட ஒரு மாதிரி. இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் சொல்வதில்லை. மாற்றத்தை மறைத்தது தெரிந்தால் நம் வண்டிக்கான இழப்பீட்டை அவர்கள் மறுக்கலாம் என்பது விபத்துக்குப் பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

பழம்பெரும் வண்டிகளுக்கென்று 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 50 வயதைத் தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டிகளுக்குத் தனிப் பதிவு எண். நல்ல காரியம். முதல் கான்டெசாவுக்கு 50 வயது ஆக 2034 வர வேண்டும். அசல் மாறக் கூடாது என்பதால் மாற்றிய வண்டிகள் அதற்குள்ளும் வரமாட்டா. ஜெர்மனியில் வேறு மாதிரி. அங்கே வண்டியில் முக்கியமான மாற்றம் செய்தால் அங்கீகாரம் பெற்ற பரிசோதகரிடம் கொண்டுபோக வேண்டும். பிரேக் தாங்குமா, டயர் தாங்குமா என்று அவர் பார்த்து, சரியென்றால் வண்டிக் காகிதத்திலேயே அந்த மாற்றம் ஏறிவிடும். அடுத்து வாங்குகிறவர் காகிதத்தைப் பார்த்தாலே போதும். சரியில்லை என்றால் ரோட்டுக்கு வர முடியாது.

நமக்கும் அப்படி ஒரு ஜன்னல் வேண்டும் என்கிறேன். ‘கூடாது’ என்று மட்டும் சொல்கிற சட்டத்தால் போல்ட் செருகிய ஹோஸைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ‘கொண்டுவந்து காட்டு, பார்த்துச் சொல்கிறேன்’ என்கிற சட்டம் கண்டுபிடித்திருக்கும். கட்டணம் கடுமையாக வாங்கட்டும், பத்தில் ஒன்பதைத் திருப்பி அனுப்பட்டும், பரவாயில்லை. ஆர்.டி.ஓ. ஆபீசில் ஏற்கெனவே உள்ள கூட்டத்தில் இது வேறா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எஃப்.சி. பார்க்க இயந்திரம் வைத்த சோதனை நிலையங்கள் இப்போது வந்துகொண்டிருக்கின்றன. பிரேக்கை உருளையின் மேல் நிறுத்தி அளக்கும் வசதி அங்கே உண்டு. மாற்றிய வண்டியையும் அதே உருளையில் ஏற்றிப் பார்ப்பதில் என்ன கஷ்டம்?

அந்தச் சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை நம் கையில் இருப்பது ஒரு நோட்டு. வாங்குகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வாங்கிய முதல் மாதம் வண்டியைப் படிப்பதற்கு என்று ஒதுக்குங்கள். செலவு செய்ய வைத்திருக்கும் பணத்தில் முதல் பங்கு பிரேக்குக்கும் டயருக்கும், இரண்டாவது பங்கு எண்ணெய்க்கும் மீட்டருக்கும். மினுக்குவதற்கு மிச்சம் இருந்தால் பார்க்கலாம். விற்கிறவரிடம் ‘எவ்வளவு ஓடும்’ என்று கேட்பதற்கு முன், ‘எதை எதை மாத்தினீங்க, எதை எடுத்தீங்க’ என்று கேளுங்கள். சேர்த்ததைப் பெருமையாகச் சொல்வார்கள். எடுத்ததை நாம்தான் தோண்டிக் கேட்க வேண்டும்.

வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பழைய காரை வாங்கி வந்து நிறுத்தினால், ‘இந்தத் துருப்பிடிச்ச தகரத்துக்கா இவ்வளவு காசு’ என்று ஆரம்பிக்காதீர்கள். ஆரம்பித்தால் அடுத்த தடவை அவன் நம்மிடம் எதையும் காட்டமாட்டான். பானட்டைத் திறக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று, தெரிந்ததைக் கேளுங்கள். தையல் மெஷின், கிணற்று மோட்டார், நெல் மில், லாரி என்று ஏதோ ஒரு இயந்திரத்தோடு நம்மில் பலர் வாழ்நாளைக் கழித்திருக்கிறோம். சத்தம் மாறினால் நமக்குத் தெரியும். காலுக்குப் பெடல் கல்லாக இருந்தால் அது ஏன் என்று கேட்கும் பொறுமையும் நமக்கு இருக்கிறது.

தம்பி மகனின் நோட்டில் இப்போது முப்பத்தொரு பக்கம் நிரம்பியிருக்கிறது. டர்போவின் பார்ட் நம்பர், எண்ணெய் மாற்றிய தேதிகள், எந்த மேட்டில் எத்தனை டிகிரி சூடு ஏறியது, ஆல்டர்னேட்டர் எங்கே கிடைத்தது, எல்லாம் இருக்கிறது. எப்போதாவது அந்தக் காரை அவன் விற்கத்தான் போகிறான். அன்றைக்குச் சாவியோடு அந்த நோட்டையும் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.